அக்கா ஏன் கோட்டைக் கதவைத் திறந்தாள்

நாடகப் பிரதி கைக்கு வந்த நாளிலிருந்து எனக்குத் தலைகால் புரியவில்லை. ஜெலாப்பாங்கில் நான் வேலை செய்யும் கையுறைத் தொழிற்சாலைக்குப் போகும் பஸ்ஸில் படித்தேன். சாப்பாட்டு நேரத்தில் ஒரு கையில் ரொட்டியும் மறு கையில் பிரதியுமாகப் படித்தேன். ஒரு நாள் இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டிப் போய் வெயிலில் திரும்பி நடந்தேன். சூப்பர்வைசர் முறைத்தார், முறைத்துவிட்டுப் போகட்டும் என்றிருந்தது. பேரப்பிள்ளை எடுக்கிற வயதில் ஒரு கதாபாத்திரத்தின் மேல் இப்படிப் பித்துப் பிடிக்கும் என்று யார் கண்டது?

அது பழைய சோக நாடகம். கதை எங்கள் ஆட்களுக்கெல்லாம் மனப்பாடம். அரசனின் அக்கா சிம்மாசனத்துக்கு ஆசைப்படுகிறாள். உன்னையே அரசியாக்குகிறேன் என்று எதிரி நாட்டு மன்னன் சொன்னதை நம்பி, கோட்டையின் வடக்கு வாசலைத் திறந்துவிடுகிறாள். தம்பி சாகிறான், ஊர் எரிகிறது, கடைசியில் எதிரியின் கையாலேயே அவளும் சாகிறாள். சிம்பாங் பூலாய் பக்கம் நாங்கள் பிறந்து வளர்ந்த ரப்பர் தோட்டத்தில் இப்போது மரம் ஒன்றுகூட இல்லை, வீடமைப்புத் திட்டம் வந்துவிட்டது. கோயில் மட்டும் இருக்கிறது. அதன் திருவிழாவுக்காகத்தான் இந்த நாடகம். அக்கா வேடம் எனக்கு. அரசன் வேடம், கூடப் பிறந்த என் தம்பிக்கு.

அவன் இருப்பது மழை ஓயாத தைப்பிங்கில். ஞாயிற்றுக்கிழமை ஒத்திகைக்குப் பாதி நனைந்துதான் வந்து சேருவான். ஆள் நல்லவன், நன்றாக நடிப்பான். நாடகத்தை இயக்கியவர், கேமரன் மலையிலிருந்து காய்கறி லோரி ஓட்டும் எங்கள் தோட்டத்து அண்ணன் ஒருவர். சிறு வயதிலிருந்தே மேடைக் கிறுக்கு. அவருக்கும் எனக்கும்தான் முட்டிக்கொண்டது.

வாசலைத் திறப்பதற்கு முன் அக்கா தனியாக நின்று பேசும் நீண்ட வசனம் ஒன்று உண்டு. முழு நாடகத்திலும் அவள் தன் மனசைத் திறப்பது அங்கே மட்டும்தான். பிள்ளைகளின் நடனம் நிறைய சேர்ந்துவிட்டது, நேரம் போதாது, அந்த வசனத்தை வெட்டிவிடலாம் என்றார் அண்ணன்.

"அவ பேராசக்காரிலா. பேராசக்காரிக்கு எதுக்கு இவ்ளோ வசனம்? செவப்பு லைட்டு போடுறேன், கண்ண உருட்டிட்டுக் கதவத் தொறந்துரு, போதும்."

எனக்குச் சுர்ரென்று ஏறியது. அந்த வசனம் போனால் அவள் வெறும் வில்லி. கண்ணை உருட்டுவதற்கு நான் எதற்கு, ஒரு பொம்மை போதுமே என்றேன். ஒரு வாரம் தருகிறேன், அந்த வசனம் ஏன் வேண்டும் என்று பிரதியை வைத்தே காட்டு, இருந்தால் வைத்துக்கொள்ளலாம் என்றார். சவாலாகவே எடுத்துக்கொண்டேன்.

அந்த வாரம் நான் தரையில் நடக்கவில்லை. பென்சிலை எடுத்துக்கொண்டு அவள் வாயிலிருந்து வரும் ஒவ்வொரு வரியையும் கோடிட்டேன். களஞ்சியத்தில் நெல் எவ்வளவு என்று அவளுக்குத்தான் தெரிகிறது. எந்தக் காவலாளி எப்போது மாறுவான் என்றும் அவளுக்குத்தான் தெரிகிறது. அரசனுக்கோ, எவன் வந்து எதைக் கேட்டாலும் ஒரே பதில்: அக்காவைக் கேளுங்கள். சமையல் செய்துகொண்டே இதைக் கண்டுபிடித்தபோது ரசம் பொங்கி அடுப்பை அணைத்துவிட்டது. கவலைப்படவில்லை.

பெரிய கண்டுபிடிப்பு முதல் காட்சியிலேயே இருந்தது. சபையில் உன் பக்கத்தில் எனக்கும் ஓர் ஆசனம் போடு என்று அவள் கேட்கிறாள். அரசன் சிரிக்கிறான். சபையும் சிரிக்கிறது. அவ்வளவுதான், காட்சி வேறு பேச்சுக்குப் போய்விடுகிறது. அதன் பிறகு சாகும்வரை அவள் தம்பியிடம் எதையும் கேட்கவில்லை. அவன் எது சொன்னாலும் "ஆகட்டும்" என்கிறாள். உள்ளே கிடந்தது வெளியே வருவது அந்த நீண்ட வசனத்தில்தான். எதிரியின் தூதன் வந்து உனக்கு என்ன வேண்டும் என்று கேட்கிறான், அவள் சொல்கிறாள், அவன் சிரிக்காமல் கேட்டுக்கொள்கிறான். அவ்வளவு கெட்டிக்காரி அவ்வளவு சுலபத்தில் எப்படி ஏமாந்தாள் என்றால், இதனால்தான். அவள் ஆசையைக் கேட்டுச் சிரிக்காத முதல் ஆள் அவன். அவள் செய்தது நியாயம் என்று நான் சொல்லவில்லை, ஊர்ப் பிள்ளைகளெல்லாம் செத்தார்கள். ஆனால் அவள் ஆசை கெட்ட ஆசை இல்லை. கெட்டது, அது போய்ச் சேர்ந்த இடம்.

ஞாயிற்றுக்கிழமை கோயில் மண்டபத்தில் இதையெல்லாம் மூச்சுவிடாமல் சொன்னேன். அண்ணன் தாடையைத் தடவிக்கொண்டு கேட்டார். முதல் காட்சிக்கு வந்ததும் என் தம்பி குறுக்கே பேசினான்.

"அது சும்மா கூட்டம் சிரிக்கிறதுக்குலா, அக்கா. நீ ரொம்ப யோசிக்கிற."

"நீயும்தான் சிரிச்ச. போன வருசம், பரிவட்டம் எனக்குக் கட்டச் சொல்லவான்னு கேட்டப்போ."

சொன்ன பிறகுதான் சொன்னது எனக்கே உறைத்தது. திருவிழாவில் ஒரு நாள் எங்கள் குடும்பத்து உபயம். பூவுக்குச் சொல்வது, ஐயருக்குச் சொல்வது, கூடாரம், அன்னதானம், எல்லாம் நான். எதுவானாலும் 'அக்காவக் கேளுங்க' என்பான் தம்பி. அன்று காலை காரில் வந்து இறங்குவான், உபயக்காரர் என்று அவன் தலையில்தான் பரிவட்டத் துணியைக் கட்டுவார்கள். அப்பா போனதிலிருந்து அப்படித்தான். போன வருடம் கோயில் சமையல்கட்டில் நான் கேட்டபோது அவன் கெட்ட எண்ணத்தோடு சிரிக்கவில்லை. நல்ல ஜோக் என்று நினைத்துச் சிரித்தான். சுற்றி இருந்தவர்களும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அதை மறந்துவிட்டதாகத்தான் இத்தனை நாளும் நினைத்திருந்தேன்.

அண்ணன் பிரதியை வாங்கி முதல் காட்சியைப் புரட்டினார். பிறகு மெல்ல, வசனம் முழுசாக இருக்கட்டும், நடனத்தில் ஒன்றைக் குறைத்துக்கொள்ளலாம் என்றார். நான் ஜெயித்துவிட்டேன். துள்ளிக் குதிக்காத குறை. தம்பிதான் தேத்தண்ணிகூடக் குடிக்காமல் வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டான். அடுத்தடுத்த ஒத்திகைகளில் சிரிக்க வேண்டிய இடத்தில் ஒழுங்காகச் சிரித்தான், முடிந்ததும் கிளம்பினான். கூட்டத்துக்குப் புரிய வைத்துவிடலாம், இவனுக்குப் புரியுமா என்பது மட்டும் எனக்கு உறுத்திக்கொண்டே இருந்தது.

திருவிழா வந்தது. எங்கள் உபய நாளன்றுதான் நாடகமும். காலையில் எப்போதும் போல அவன் தலையில் பரிவட்டம் கட்டினார்கள். குனிந்து நின்றான். நிமிர்ந்த பிறகும் என் பக்கம் திரும்பவில்லை. சாயங்காலம் விளக்கு வைத்ததும் மேடை. பந்தலில் ஆண்கள் வலப்பக்கம், பெண்கள் இடப்பக்கம்.

முதல் காட்சி. ஆசனத்தைக் கேட்டேன். தம்பி சிரிக்க வேண்டும். சிரிக்கவில்லை. அட்டைக் கிரீடத்தோடு என்னையே பார்த்துக்கொண்டு நின்றான். கண் நிறைந்துவிட்டது. அவனுக்குப் புரிந்துவிட்டது. எனக்கு அவனைக் கட்டிப்பிடித்துக்கொள்ள வேண்டும் போலிருந்தது. அதே நேரம் திக்கென்றும் இருந்தது. இவன் சிரிக்காவிட்டால் இவள் எதற்குக் கதவைத் திறப்பாள்? என் நாடகம் என்னாவது? அண்ணன் திரைக்குப் பின்னால் தலையில் கை வைத்துக்கொண்டு நின்றார்.

வணங்குவது போல் அவன் பக்கத்தில் போய்க் குனிந்தேன். "சிரிடா தம்பி," என்றேன், அவனுக்கு மட்டும் கேட்கும்படி. "அப்பத்தான்டா இவங்களுக்குப் புரியும்."

அவன் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, தலையை நிமிர்த்தி, அரசன் சிரிப்பது போலவே சிரித்தான். வலப்பக்கம் ஆண்கள் எல்லாரும் கூடச் சேர்ந்து சிரித்தார்கள். இடப்பக்கம் ஒருத்திகூடச் சிரிக்கவில்லை.