தாவிக் குதித்து வளர்ந்தது எது?

குடவாசல் பக்கம் வாய்க்கால் தூர்வாரும் ஒப்பந்தக்காரரிடம் சைட் அசிஸ்டென்ட்டாகச் சேர்ந்தேன். வாராவாரம் தஞ்சாவூர் ஹெட் ஆபீசுக்கு இங்கிலீஷில் புராக்ரஸ் ரிப்போர்ட் எழுதுவது என் வேலை. எங்கள் வீட்டில் இங்கிலீஷ் எழுதிய முதல் கை என்னுடையது. அகராதியைப் பக்கத்திலேயே வைத்திருப்பேன்.

மேனேஜர் செல்வம் சார் முதல் நாளே சொன்னார்: "கடைசியில 'வொர்க் இஸ் புராக்ரசிங் பை லீப்ஸ் அண்ட் பவுண்ட்ஸ்'னு போட்டுடுங்க தம்பி. அது இல்லாம நம்ம ரிப்போர்ட் போனதே இல்ல."

தாவிக் குதித்து வளர்வது, அதாவது கிடுகிடுவென்று பெருகுவது என்றது அகராதி. எங்களிடம் இருந்ததோ ஒரே ஒரு பொக்லைன் மெஷின். அதுவும் பாதி நாள் டீசலுக்குக் காத்திருக்கும்.

என் முதல் ரிப்போர்ட்டை அனுப்புவதற்குள் ஹெட் ஆபீஸ் மேடம் சாருக்குப் போன் செய்தார். "போன வாரமே லீப்ஸ் அண்ட் பவுண்ட்ஸ்னு எழுதியிருந்தீங்களே, அப்ப வேலை முடிஞ்சிருக்குமே? வியாழக்கிழமை மெஷினை நாகூர் சைட்டுக்கு அனுப்பிடுங்க."

சாருக்கு வேர்த்துவிட்டது. ஆற்றில் தண்ணீர் வரப்போகிறது; வாய்க்கால் போய் முடிகிற கடைமடைப் பக்கம் இன்னும் கை வைக்கவே இல்லை. மெஷின் போனால் அந்த வயல்களுக்குத் தண்ணீர் ஏறாது.

அன்று கடைமடைக்குப் போனேன். வாய்க்கால் முழுக்க ஆகாயத்தாமரை. நாற்று விடக் காத்திருந்த வசந்தா அக்கா கரையில் நின்று வைதார்: "நேத்து மதகுகிட்ட கிடந்துச்சு. இன்னிக்கு எங்க படித்துறைக்கு வந்துருச்சு. உங்க மெஷினை விட இதுக்குத்தான் வேகம் ஜாஸ்தி!"

திரும்பி வந்ததும் சார் கையைப் பிசைந்தார். "மெதுவாப் போகுதுன்னு எழுதினா என் மானம் போயிடும். அந்த வரியும் இருக்கணும், மெஷினும் போகக் கூடாது. என்ன பண்றது?"

"அந்த வரி இருக்கட்டும் சார்" என்று சொல்லிவிட்டு எழுதினேன்: தலைப்பகுதி முடிந்தது, கடைமடை தொடங்கவில்லை, அங்கே ஆகாயத்தாமரை பை லீப்ஸ் அண்ட் பவுண்ட்ஸ் வளர்கிறது. கூடவே ஒரு போட்டோ.

மேடம் மறுநாள் கூப்பிட்டார். "யாருங்க இதை எழுதினது?"

"புதுப் பையன் மேடம், தெரியாம..." என்று இழுத்தார் சார்.

"இப்பத்தாங்க எனக்கு வாய்க்கால் கண்ணுக்குத் தெரியுது. மெஷின் அங்கேயே இருக்கட்டும். டீசலுக்கு நான் சொல்லிடறேன்."

தண்ணீர் வந்தபோது வசந்தா அக்கா வயலுக்கும் ஏறியது.

புதிதாக ரிப்போர்ட் எழுத வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: அழகான வரியைத் தாராளமாகப் போடுங்கள். ஆனால் எது அப்படி வளர்கிறது என்று கரைவரை போய்ப் பார்த்துவிட்டுப் போடுங்கள்.