மிச்ச வாளியின் எடை

கரண்டியம்மாவுக்குக் கோபம் வர ஒரு பருக்கை போதும். தட்டில் ஒட்டிக்கொண்டிருக்கிற ஒரே ஒரு பருக்கை. தட்டைக் கழுவப் போகிற பிள்ளையை வழியில் மறித்து, "இது உனக்கு என்ன பாவம் பண்ணுச்சு? இதையும் உள்ள கூட்டிட்டுப் போ," என்பாள். பிள்ளையும் சிரித்துக்கொண்டே விரலால் வழித்து வாயில் போட்டுக்கொள்ளும். பயந்து அல்ல. அந்தப் பள்ளிக்கூடத்தில் அவளைப் பார்த்து ஒரு பூனைகூடப் பயந்ததில்லை.

முந்நூறு பிள்ளைகளுக்கு மதியச் சாப்பாடு அவள் பொறுப்பு. பெயர் வந்தது அளவுக் கரண்டியால். முன்பெல்லாம் தட்டில் குவியலாகச் சோறு, அதன் தலையில் தீர்த்தம் தெளித்த மாதிரி குழம்பு என்று போட்டுக்கொண்டிருந்தார்கள். பாதி அப்படியே திரும்பி வரும். பிறகு ஊட்டச்சத்து அதிகாரி ஒரு அம்மா வந்தார். சோறு ஒரு கரண்டி, பருப்பு ஒரு கரண்டி, கீரையோ காயோ ஒன்றரைக் கரண்டி, போதாதவர்கள் மறுபடி கேட்டு வாங்கலாம் என்று திட்டம் போட்டார். உலகத்தில் வாய்கள் கூடிக்கொண்டே போகின்றன, விளைகிற நிலம் கூடவில்லை, இனி வீணாக்காமல் தின்னவேண்டும், சத்தாகவும் தின்னவேண்டும் என்று ஒரு மணி நேரம் பேசினார். உதவிக்காரிகள் கொட்டாவி விட்டார்கள். இவள் மட்டும் வாயைப் பிளந்து கேட்டாள். "இதைத்தானே நான் கல்யாணமான நாளா கத்திட்டு இருக்கேன்," என்று வீட்டுக்கு வந்து சொன்னாள்.

அதிகாரி ஒரு வேலையும் வைத்துவிட்டுப் போயிருந்தார். தினமும் இரண்டு மணிக்குத் தட்டில் மிஞ்சியது, பாத்திரத்தில் மிஞ்சியது எல்லாவற்றையும் ஒரே வாளியில் கொட்டி நிறுக்க வேண்டும். எடையைச் சமையல்கட்டுக் கரும்பலகையில் எழுத வேண்டும். முதல் நாள் இருபத்திரண்டு கிலோ. அவளுக்கு அழுகையே வந்துவிட்டது. கீரையைப் பொடியாக நறுக்கினாள், பருப்பைக் குழைய வைத்தாள், எந்தப் பிள்ளைக்கு எந்தக் காய் ஆகாது என்று முகம் பார்த்தே தெரிந்துகொண்டாள். ஒரு வருஷத்தில் வாளி நாலரைக் கிலோவுக்கு இறங்கியது. அதற்குக் கீழே மட்டும் இறங்கவே மாட்டேன் என்றது.

காரணம் அவளுக்குத் தெரியாமல் இல்லை. பதிவேட்டில் முந்நூறு பேர் என்றால், வருவது இருநூற்றெழுபதோ எண்பதோதான். எட்டு மணிக்கே வகுப்பில் வருகை எடுத்துவிடுவார்கள். ஆனால் அந்தச் சீட்டு அலுவலகத்தில் மேசைக்கு மேசை உட்கார்ந்து எழுந்து சமையல்கட்டுக்கு வரும்போது மணி பத்தரை. உலை எட்டரைக்கே ஏறியாக வேண்டும். ஆகவே தினமும் வராத பிள்ளைகளுக்கும் சேர்த்தே சோறு வெந்தது. ஒரு தடவை தலைமையாசிரியரிடம் போய்க் கேட்டாள். "பாத்துக்கலாம்மா," என்றார். பாத்துக்கலாம் என்றால் என்ன அர்த்தம் என்று நமக்குத் தெரியாதா? இரண்டாவது தடவை அவள் கேட்கவில்லை.

அதற்குப் பதிலாக ஒரு வழி கண்டுபிடித்தாள். பாத்திரத்தில் மிஞ்சியதைத் தூக்குவாளியில் போட்டு வீட்டுக்கு எடுத்துப்போனாள். திருட்டு இல்லை, குப்பைக்குப் போவதுதானே. தினமும் அதையே தின்று சலித்த உதவிக்காரிகள், நீயே கொண்டுபோ தாயே என்று கும்பிட்டுவிட்டார்கள். மறுநாள் பலகையில் மூன்று கிலோ.

குறைந்த ஒன்றரைக் கிலோ டிரைவர் வயிற்றுக்குப் போயிற்று.

டிரைவர் அவள் கணவர். முப்பது வருஷம் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். ஜன்னலோர நாற்காலியில் உட்கார்ந்து தெருவில் போகிற வண்டிகளுக்கெல்லாம் மார்க் போடுவார், யாருக்கும் பாஸ் மார்க் கிடைத்ததில்லை. மூன்று மணிக்கு அவள் கதவைத் திறப்பாள். செருப்பைக்கூடக் கழற்றாமல், "இன்னைக்கு மூணேகால்ங்க," என்பாள். அவர் தூக்குவாளியை வாங்கிக்கொள்வார், அடி காண்கிற வரை கை நிற்காது. அவர்களுக்குப் பிள்ளை இல்லை. "ஊரான் பிள்ளையை ஊட்டி வளர்த்தா தன் பிள்ளை தானே வளரும்னு சொல்வாங்க. இங்க புருஷன்ல வளர்றான்," என்று வயிற்றைத் தட்டிக் காட்டுவார். அவள் விழுந்து விழுந்து சிரிப்பாள்.

அந்த வருஷம் மிகக் குறைவாக வீணாக்கிய சமையல்கட்டு என்று சான்றிதழ் கொடுத்தார்கள். டிரைவரே கடைக்குப் போய்ச் சட்டம் போட்டு வந்து, ஆணியடித்து மாட்டினார்.

அடுத்த வருஷம் அவர் கால் கட்டைவிரலில் செருப்புக் கடித்தது. இரண்டு வாரமாகியும் புண் ஆறவில்லை. டாக்டர் பழைய சீட்டுகளைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "ரெண்டு வருஷத்துக்கு முன்னாடியே சர்க்கரைன்னு எழுதியிருக்கே. மாத்திரை சாப்பிடறீங்களா?" என்று கேட்டார். டிரைவர் மின்விசிறியைப் பார்த்தார்.

"என்ன சாப்பிடறார்?" டாக்டர் இவள் பக்கம் திரும்பினார்.

"பள்ளிக்கூடச் சாப்பாடுதான் டாக்டர். பருப்பு, கீரை, எல்லாம் அளவா," என்றாள் பெருமையாக.

"சோறு எத்தனை கரண்டி?"

முந்நூறு பிள்ளைக்கும் கரண்டிக் கணக்கு சொல்கிறவளுக்குத் தன் புருஷன் கணக்குத் தெரியவில்லை. அளவுக் கரண்டி அந்த வீட்டு வாசற்படியை ஒரு நாளும் மிதித்ததில்லை.

மறுநாள் கொண்டுவந்தாள். தூக்குவாளியில் இருந்ததை ஒவ்வொரு கரண்டியாக அள்ளித் தாம்பாளத்தில் வைத்தாள். பருப்பு இரண்டு கரண்டி. கீரை அரைக் கரண்டிகூட இல்லை. பிள்ளைகள்தான் கீரையை வழித்துத் தின்றுவிடுகிறார்களே, அவள் சமையல் அப்படி. சோறு எட்டுக் கரண்டி. எட்டுப் பிள்ளைகளின் சோறு, உட்கார்ந்த இடத்தை விட்டு எழாத ஒரு மனுஷனுக்கு.

"சர்க்கரைன்னு தெரிஞ்சும் ஏன் தின்னீங்க?"

"நீ செருப்பக்கூடக் கழட்டாம எடை சொல்லிட்டு வருவே. அந்த மூஞ்சியப் பாத்துட்டு வேண்டாம்னு எப்படிம்மா சொல்றது?"

"சொல்லியிருந்தா குப்பையில போட்டிருப்பேன்."

"போட்டிருப்பியா நீ?"

போட்டிருக்க மாட்டாள். அதுதான் அவளைக் கொன்றது.

அன்றோடு தூக்குவாளி நின்றது. பாத்திரத்தில் மிஞ்சியது வாளிக்கே போயிற்று. பலகையில் மறுபடி நாலரை, சில நாள் நாலேமுக்கால். வீட்டில் அவருக்குக் கரண்டிக் கணக்கில் வைத்தாள். மாத்திரையைக் கையில் கொடுத்து, விழுங்குகிற வரை எதிரிலேயே நின்றாள். இனிமேலாவது அவரைக் காப்பாற்றிவிடலாம் என்று ஒரு நப்பாசை. இரண்டு விரல்களை எடுத்தார்கள். பிறகு சிறுநீரகம் கைவிட்டது. ஐந்து மாதம் அவர் வாய் திறந்து ஒரு கரண்டி கூடக் கேட்கவில்லை, கேட்டிருந்தால் தேவலை என்று அவளுக்கு இருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் ஒரு கரண்டி சோறு வைத்தாள். பாதி தின்றுவிட்டுத் தட்டைத் தள்ளினார். "போதும்மா," என்றார். முப்பத்தோரு வருஷத்தில் அந்த மனுஷன் தட்டில் மிச்சம் வைத்தது அதுதான் முதல் தடவை. அவள் திட்டவில்லை. "சரிங்க," என்றாள். சாயங்காலம் அவர் போய்விட்டார்.

அடுத்த மாதம் அதிகாரி வந்தார். வாளி எடை எழுதிய நோட்டைப் புரட்டினார். தலைமையாசிரியரும் பக்கத்தில் நின்றார்.

"என்னம்மா இது, ஆறு மாசமா ஏறியிருக்கு? மூணுல நின்னது நாலரைக்கு வந்திருக்கே. யாரு வீணாக்கறது?"

"யாரும் வீணாக்கல மேடம். அப்பவும் நாலரைதான். ஒன்றரைக் கிலோவ எங்க வீட்டுக்காரர் சாப்பிட்டாரு."

அதிகாரி சிரித்துவிட்டார். "நல்ல வீட்டுக்காரர்தான். இப்ப ஏன் சாப்பிடறதில்ல?"

"இறந்துட்டாரு மேடம்."

அதிகாரி நோட்டை மூடினார். கரண்டியம்மா தலைமையாசிரியரைப் பார்த்தாள். "சார், நாளையிலேர்ந்து எத்தனை பிள்ளைங்க வந்திருக்குன்னு எட்டரைக்குள்ள சீட்டு வரணும். வராம நான் உலை வைக்க மாட்டேன்."

"வந்துரும்மா," என்றார் அவர். அவ்வளவுதான். ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. இந்த ஒரு நிமிஷத்தை இரண்டாவது தடவை போய்க் கேட்காமல் விட்டோமே என்று அவள் புடவைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டு சமையல்கட்டுக்குள் போய்விட்டாள்.

மறுநாள் எட்டேகாலுக்கே சீட்டு வந்தது. இருநூற்றறுபத்தெட்டு. அதற்குத் தக்கபடி அரிசி அளந்தாள். இரண்டு மணிக்கு வாளியை நிறுத்தபோது இரண்டே முக்கால் கிலோ. யாருடைய வயிற்றிலும் ஒளித்து வைக்காத இரண்டே முக்கால். பலகையில் எழுதினாள். உதவிக்காரிகள் கை தட்டினார்கள்.

மூன்று மணிக்குக் கதவைத் திறந்தாள். செருப்பைக்கூடக் கழற்றாமல், "இன்னைக்கு ரெண்டே முக்கால்ங்க," என்று ஜன்னலோர நாற்காலியிடம் சொன்னாள்.