மதினிக்குச் சாமி வந்தபோது

ஊசிக் குழாயில் ஏறும்போது அந்த மருந்து, செம்பருத்திப் பூவைக் கசக்கிப் பிழிந்த சாறு போல இருக்கும். நல்ல நிறம். இவ்வளவு நாசம் செய்யும் ஒன்றுக்கு இவ்வளவு அழகு எதற்கு என்று நினைத்துக்கொள்வேன். நர்ஸ் அதை மதினியின் வலது புறங்கை நரம்பில் மெதுவாக ஏற்றுவார். ஒரு சொட்டு வெளியே கசிந்தாலும் சதை வெந்துவிடும் என்று எச்சரித்திருந்தார்கள். மற்றவர்கள் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். மதினி மட்டும், பரீட்சை எழுதும் பிள்ளைகளைக் கண்காணிப்பது போல, சிவப்பு குறைந்துகொண்டே வருவதைக் கண்ணெடுக்காமல் பார்த்திருப்பார். தீர்ந்ததும், "ஒரு பாடம் முடிஞ்சுச்சு" என்பார்.

மதினி என் அண்ணன் மனைவி. திருநகரில் வீடு, பக்கத்துப் பள்ளியில் கணக்கு டீச்சர் வேலை. பிள்ளைகள் இல்லை. அதற்காகப் படிக்க வந்த எல்லாரையும் தன் பிள்ளைகள் என்று சொல்லித் திரியும் வழக்கமும் அவருக்குக் கிடையாது. எண்பதுகளின் நடுவில் இடது மார்பில் கட்டி வந்தது. அறுத்து எடுத்தார்கள். பிறகு இந்த ஊசிகள், சில வாரங்களுக்கு ஒன்றாக. அண்ணனுக்கு டெட்டால் வாசனை பட்டாலே வியர்த்துவிடும் என்பதால் கூடப் போகும் பொறுப்பு எனக்கு வந்தது. நான் அதே ஆஸ்பத்திரியின் அலுவலகத்தில் வேலை பார்த்தேன். நோயாளியைத் தவிர மற்ற எல்லாவற்றையும் பற்றிய கோப்புகள் என் மேஜைக்கு வரும். எந்தச் சீட்டை எந்த ஜன்னலில் நீட்ட வேண்டும், எந்த டாக்டர் எப்போது டீ குடிக்கப் போவார், எல்லாம் எனக்கு மனப்பாடம். குடும்பத்தில் என்னை ஒரு நிபுணன் என்றே நம்பினார்கள். நானும் மறுக்கவில்லை.

முதல் ஊசிக்கு முன்பே பெரிய டாக்டர் மதினியை உட்காரவைத்து விளக்கினார். "இந்த மருந்து கட்டியை அடிக்கும். சில பேருக்கு இதயத்தையும் அடிச்சுரும். நடந்தா மூச்சு வாங்குது, நெஞ்சு படபடங்குது, கால் வீங்குதுன்னா உடனே சொல்லணும். நிறுத்திருவோம்." மற்ற யாராக இருந்தாலும் இதயம் என்ற சொல்லைக் கேட்டுப் பயந்திருப்பார்கள். மதினி பயந்தது 'நிறுத்திருவோம்' என்ற சொல்லுக்கு. அவர் எந்த வருடமும் போர்ஷனை முடிக்காமல் ஒரு வகுப்பையும் பரீட்சைக்கு அனுப்பியதில்லை. முழு ஆண்டுப் பரீட்சை நெருங்கினால் சனி, ஞாயிறு என்று பார்க்காமல் வகுப்பு வைத்துப் பிள்ளைகளின் வயிற்றெரிச்சலைக் கொட்டிக்கொள்பவர். பாதி நடத்திய பாடம் நடத்தாத பாடத்தைவிட மோசம் என்பது அவர் கட்சி. தன் உடம்பையும் அவர் ஒரு வகுப்பாகத்தான் நினைத்திருக்க வேண்டும்.

அதனால் இதயம் முணுமுணுக்கத் தொடங்கியபோது அவர் யாரிடமும் சொல்லவில்லை. இப்போது ஒவ்வொன்றாக எடுத்துப் பார்க்கும்போதுதான் அந்த ஏற்பாடுகளின் நேர்த்தி எனக்குப் புரிகிறது. ஊசி போடும் நாளில் வெகு முன்னதாகவே என்னைக் கிளப்புவார். வேப்ப மரத்தடி பெஞ்சில் உட்கார்ந்து மூச்சு முழுக்க அடங்கிய பிறகே டாக்டர் அறைக்குள் போவார். "மூச்சு வாங்குதாம்மா?" என்றால், "இல்லையே சார்" என்ற பதில் தடுமாறாமல் வரும். புடவையைத் தரையில் இழைய இறக்கிக் கட்ட ஆரம்பித்தார். பாயில் படுப்பதை விட்டுவிட்டு, நாற்காலியில் தலையணைகளை அடுக்கி உட்கார்ந்தபடியே தூங்கினார். கேட்ட அண்ணனிடம், "முருகனுக்கு வேண்டியிருக்கேன், ஒடம்பு தேறுற வரைக்கும் படுக்கைல சாய மாட்டேன்" என்றார். அண்ணன் பக்தியோடு நம்பினார். நானும் நம்பினேன். மல்லாந்து படுத்தால் நெஞ்சுக்குள் தண்ணீர் ஏறி மூச்சு முட்டும் என்பதற்கு ஒரு தெய்வத்தைச் சாட்சிக்கு அழைப்பார் என்று யார் நினைப்பார்கள்?

அந்தத் தெய்வமும் கணக்குத் தீர்க்காமல் விடவில்லை. ஒரு வெள்ளிக்கிழமை மாலை, திருப்பரங்குன்றம் கோயிலுக்குப் போக வேண்டும் என்றார். அண்ணனுக்கு ஷிப்ட், நான் கூடப் போனேன். உள்ளே படிகள் ஏறி மேல் மண்டபத்துக்குப் போனதும் மதினி ஒரு தூணைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார். மார்பு ஏறி இறங்கியது. கைகள் நடுங்கின. கண் மேலே செருகியது. முக்காடு நழுவி, மருந்தில் முடியெல்லாம் கொட்டிய மொட்டைத் தலை வெளியே தெரிந்தது.

"அடியே, சாமி வந்துருச்சுடி! வழிய விடுங்க!" என்று ஒருத்தி கத்தினாள்.

"மொட்ட போட்டுருக்காக பாரு, பெரிய வேண்டுதலாட்டம் இருக்கு" என்றாள் இன்னொருத்தி.

என்னை ஓரமாகத் தள்ளிவிட்டுப் பெண்கள் சூழ்ந்துகொண்டார்கள். யாரோ நெற்றியில் திருநீற்றை அப்பினார்கள். பூ விற்கும் ஒரு அம்மாள் காலில் விழுந்து, "சாமி, எம்மகன் கோவிச்சுக்கிட்டுப் போயி எம்புட்டோ நாளாச்சு. வருவானா, மாட்டானா? ஒரு வார்த்தை சொல்லு சாமி" என்று அழுதாள். மதினிக்கு அப்போது தேவைப்பட்டது காற்று. "வருவான்... வருவான்... தள்ளு" என்றார்.

பஸ் ஸ்டாப்பில் உட்கார்ந்து மூச்சு திரும்பியதும் அவர் சிரித்தார். "எங்க ஹெச்.எம். கூட நான் சொன்னதை இம்புட்டு மரியாதையாக் கேட்டதில்ல கொழுந்தனாரே." நான் சிரிக்கவில்லை. ஆஸ்பத்திரி வராந்தாவில் பல வருடம் நடந்தவன் நான். சாமி வந்தவர்களுக்கு உதடு நீலமாகாது.

விதி என்னவென்றால், அந்தப் பையன் நிஜமாகவே வீடு திரும்பிவிட்டான். பூக்கார அம்மாள் விசாரித்துத் திருநகருக்கே வந்துவிட்டாள், கூடவே நாலைந்து பேரை அழைத்துக்கொண்டு. நாற்காலியில் மூச்சு வாங்க உட்கார்ந்திருந்த மதினியைப் பார்த்ததும் அவர்களுக்குச் சந்தேகமே இல்லை. இரண்டு வெள்ளிக்கிழமைகள் குறி கேட்க வந்தார்கள். குடிக்கும் கணவனைப் பற்றி ஒருத்தி கேட்டதற்கு, "சம்பளத்தன்னிக்கு மில்லு வாசல்ல போய் நில்லு, கூட அவன் அம்மாவையும் கூட்டிக்கிட்டுப் போ" என்றார் மதினி. சாமி இவ்வளவு நடைமுறை அறிவோடு பேசி நான் கேட்டதில்லை.

அடுத்து வந்த ஞாயிற்றுக்கிழமை, அண்ணன் கறி எடுக்கப் போயிருந்த நேரம் பார்த்துப் போனேன்.

"மதினி, காலைக் காட்டுங்க."

"எதுக்கு, கும்பிடப் போறீகளா? வரிசைல வாங்க."

நான் குனிந்து அவருடைய கணுக்காலுக்கு மேல் கட்டைவிரலால் அழுத்தினேன். எடுத்த பிறகும் குழி அப்படியே இருந்தது. இருவரும் அந்தக் குழியைப் பார்த்தோம். "முத்திரை குத்துற ஆபீஸ் பழக்கம் விடல பாருங்க" என்றார். பிறகு அவர் குரல் மாறியது. "இன்னும் ரெண்டே ஊசிதான். போட்டு முடிச்சுட்டு நானே டாக்டர்கிட்ட சொல்லிப்புடுறேன். அது வரைக்கும் நீங்க வாயத் தொறந்துறாதீக."

"அதுக்குள்ள மூச்சு நின்னு போச்சுன்னா?"

"நின்னா நிக்கட்டும்." தட்டையாகிப்போன இடது பக்கத்தைத் தொட்டுக் காட்டினார். "இது திரும்பி வந்துச்சுன்னா மொதல்லருந்து ஆரம்பிக்கணும். அதுக்கு எனக்குத் தெம்பில்ல."

அடுத்த முறை, அவர் வேப்ப மரத்தடியில் மூச்சை அடக்கிக்கொண்டிருந்தபோது நான் டாக்டர் அறைக்குப் போய்ச் சொன்னேன். கூட வருபவர் நோயாளியின் நிலையைத் தெரிவிக்க வேண்டும் என்பதுதான் நடைமுறை. இன்றைக்கு அதே நிலை வந்தாலும் அதைத்தான் செய்வேன். டாக்டர் மதினியின் முதுகில் குழாயை வைத்து வெகு நேரம் கேட்டார். எக்ஸ்ரே எடுக்கச் சொன்னார். பழைய படத்தையும் புதிய படத்தையும் வெளிச்சத்தில் பக்கத்துப் பக்கத்தில் பிடித்தபோது, கைப்பிடி அளவு இருந்த இதயத்தின் நிழல் நெஞ்சுக்கூட்டின் குறுக்கே படர்ந்திருந்தது எனக்கே தெரிந்தது. "இனி ஒரு சொட்டுகூடக் கூடாது" என்றார் டாக்டர். மதினி என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. திருநகர் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து, "போர்ஷன் முடியல" என்று மட்டும் சொன்னார். அதை என்னிடம்தான் சொன்னாரா என்பது நிச்சயமில்லை.

இதய மாத்திரையும், நீர் பிரியும் மாத்திரையும் கொடுத்தார்கள். வீக்கம் வடிந்தது. தலையணைகள் ஒவ்வொன்றாகக் குறைந்தன. ஒரு நாள் காலையில் அண்ணன் என் வீட்டுக்கே ஓடி வந்து, "மல்லாந்து படுத்து விடிய விடியத் தூங்கினாடா" என்றார், ஏதோ பரிசு விழுந்தது போல. குறி கேட்க வந்த பெண்களிடம் மதினி, "சாமி மாறுதலாகிப் போயிருச்சு" என்று சொல்லி அனுப்பினார். முடி வளர்ந்தது, பள்ளிக்குப் போனார். பார்ப்பவர்களிடமெல்லாம், "எங்க கொழுந்தனார் புண்ணியத்துல படுத்துத் தூங்குறேன்" என்பார். எனக்குக் கூச்சமாக இருக்கும். உள்ளுக்குள் கொஞ்சம் பெருமையாகவும் இருக்கும்.

பிறகு கட்டி திரும்பியது. இந்த முறை முதுகெலும்பில், அப்புறம் ஈரலில். அதற்கப்புறம் 'கொழுந்தனார் புண்ணியத்துல' என்ற அந்த வாக்கியத்தை மதினி சொல்லவே இல்லை. கோபம் காட்டவில்லை, குறை சொல்லவில்லை. நான் போனால் காபி போடச் சொல்வார், ஆபீஸ் வம்பு கேட்பார். ஆனால், புதிதாக யாராவது வந்து உட்கார்ந்தால், இப்போது சொல்வார் என்று நான் காத்திருப்பேன். அவர் வேறு ஏதாவது சொல்வார். இத்தனை வருடம் கழித்தும் விருந்தினர் வந்து உட்காரும் எந்த வீட்டிலும் என் காது அந்த வாக்கியத்துக்காக நீளுகிறது.

போன வருடம் எங்கள் தெருவில் ஒரு பெண்ணுக்கு அதே சிவப்பு மருந்து ஏற்றினார்கள். இப்போதெல்லாம் முன்கூட்டியே இதயத்தைத் திரையில் பார்த்துவிடுகிறார்களாம், அளவும் கணக்கு வைத்துக் கொடுக்கிறார்களாம். துணைக்குப் போன நான், யாருக்கோ நடந்தது போல அங்கிருந்த இளம் டாக்டரிடம் மதினியின் கதையைச் சொல்லி, மீதி இரண்டு ஊசியையும் போட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று கேட்டேன். "நிறுத்தினது சரிதான் சார். ஆனா மத்ததை யாராலயும் சொல்ல முடியாது" என்றார் அந்த டாக்டர்.

மதினியும் இதைக் கேட்டார். அவர் உயிரோடிருந்த கடைசி மாதத்தில் ஒரு மத்தியானம், அண்ணன் மருந்துக் கடைக்குப் போயிருந்தபோது. வலிக்கு ஊசி போட்டிருந்ததால் குரல் இழுத்துக்கொண்டு வந்தது. கண்ணில் மட்டும் பழைய கணக்கு டீச்சர்.

"கொழுந்தனாரே, ஒரு குறி சொல்லுங்க. அந்த ரெண்டையும் போட்டிருந்தா நான் எதுல போயிருப்பேன்? நெஞ்சுலயா, கட்டியிலயா? இல்ல, போயிருக்கவே மாட்டேனா?"

எந்த ஜன்னலுக்கும் எந்தச் சீட்டு என்று தெரிந்த நான், மேஜையில் கிடந்த மருந்துச் சீட்டுகளை எடுத்து அடுக்கினேன். அவர் பரீட்சை அறையில் நேரம் கொடுப்பது போலக் காத்திருந்தார்.

"வருவான்னு ஒரு வார்த்தை சொன்னதுக்கே அந்தப் பூக்காரி எம்புட்டுச் சந்தோசமாப் போனா," என்றார் கடைசியில். "நீங்களும் சும்மா ஏதாச்சும் சொல்லியிருக்கலாம்."