மெர்வின் தொப்பி விழுந்த இடம்

கிளெனிஸ் டோல்ஹர்ஸ்ட் இருபத்திரண்டு ஆண்டுகளாக மற்றவர்களின் ஆராய்ச்சிக்குச் சீட்டு எழுதுகிறார். எந்தக் கடலில், எந்த நாளில், யார், எதைக்கொண்டு, எதை அளந்தார்கள் என்ற விவரச் சீட்டு. மேலிடத்தில் அதை மெட்டாடேட்டா என்பார்கள். எங்கள் ஸ்கின்னர் விரிகுடா ஆய்வு நிலையத்தில் அவர் வருவதைக் கண்டால் முனைவர்கள் பின்வாசல் வழியாக நழுவுவார்கள். பதினான்கு கட்டங்களில் ஒன்று காலியாக இருந்தாலும் சீட்டு திரும்பி வந்துவிடும். படகுக் கொட்டகையைப் பார்த்துக்கொள்கிற எனக்கு எதற்குச் சீட்டு என்று ஒருமுறை கேட்டேன். அதற்குத் தனியாகத் திட்டு வாங்கினேன்.

அவரை யாரும் பாராட்டி நான் கேட்டதில்லை. சீட்டு சரியாக இருந்தால் தேடுகிறவனுக்குத் தரவு உடனே கிடைத்துவிடும். அதற்குப் பின்னால் ஒருத்தி உட்கார்ந்திருக்கிறாள் என்று அவனுக்குத் தோன்றவே தோன்றாது.

போன மார்ச் மாதம், ஒரு திங்கட்கிழமை, டெல்மா வந்தார். இந்தக் கரையின் ஆதிக்குடியைச் சேர்ந்தவர், கடல் காவலர் குழுவின் தலைவி, கிளெனிஸோடு ஒரே வகுப்பில் படித்தவர். துறைமுகத்தை ஆழப்படுத்தித் தோண்டும் சேற்றை விரிகுடாவின் வடக்கில் கொட்டப்போகிறார்கள். அங்கே கடற்புல் இருந்ததே இல்லை என்று தோண்டும் நிறுவனத்தின் அறிக்கை சொல்கிறது. மறுப்பதாக இருந்தால் வெள்ளி மதியத்துக்குள் ஆதாரம் கொடுக்க வேண்டும். வல்லவனுக்குப் புல்லும் ஆயுதம் என்பார்கள். டெல்மாவுக்கு நிஜமாகவே புல்லை விட்டால் வேறு ஆயுதம் இல்லை.

"எங்கம்மா கடற்பசு மேயறதப் பாத்த எடம் அது. அவங்க சொன்னா சாட்சி இல்லையாம், காயிதம் வேணுமாம். உன் பெட்டியில ஒண்ணுகூடவா இல்ல?"

இருந்தது. 1987, கடலடியில் பதினாறு சதுரச் சட்டங்களை வைத்து அவற்றுக்குள் எண்ணியது, எழுபது விழுக்காடு புல். இடம் என்ற கட்டத்தில் மட்டும் பென்சிலால் 'மெர்வின் தொப்பி' என்று எழுதியிருந்தது.

எங்கள் படகுக்காரர்களுக்கு அப்படி ஒரு பழக்கம். அளக்கும் இடத்துக்கு அன்றைக்கு நடந்ததைப் பெயராக வைத்துவிடுவார்கள். 'கெட்ட சாண்ட்விச்' உண்டு, 'இரண்டாவது வாந்தி' உண்டு. படகில் இருந்த நாலு பேருக்கும் இடம் தெரியும், உலகத்துக்குத் தெரியாது. எல்லாம் கிளெனிஸ் வேலைக்கு வருவதற்கு முந்தைய பாவம். அந்த நாலு பேரில் இப்போது உயிரோடிருப்பவர் படகோட்டி மெர்வ் மட்டும்தான். வயது எண்பத்து நாலு, முதியோர் இல்லத்தில் இருக்கிறார்.

புதன்கிழமை நான்தான் வண்டி ஓட்டினேன். கிளெனிஸ் லாமிங்டன் கேக் வாங்கிக்கொண்டார். சாப்பாட்டுத் தட்டை ஒதுக்கிவிட்டுக் கடல் வரைபடத்தை விரித்தோம்.

"அந்தத் தொப்பியா? கல்யாணத்துக்கு வாங்குனது. பொண்டாட்டி போயிட்டா, தொப்பியும் போச்சு," என்றார் மெர்வ், வாயில் கேக்கோடு.

"எங்க விழுந்துச்சு மெர்வ்?"

அவர் கிளெனிஸின் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தார். "உனக்கு எங்க வேணும், சொல்லு."

நான் வடக்குப் பக்கம் விரலை நீட்டினேன். கிளெனிஸ் என் கையில் ஒரு அடி வைத்தார்.

"எனக்கு எங்கயும் வேணாம். விழுந்த எடத்தச் சொல்லுங்க."

மெர்வ் கண்ணை மூடிக்கொண்டார். "சக்கரை ஆலைப் புகைபோக்கி தண்ணித் தொட்டிக்கு நேரா நிக்கணும். இந்தப் பக்கம் தீவோட மூக்கு லைட் ஹவுஸ மறைக்கணும். அங்கதான் நங்கூரம் போடுவேன். எத்தன தடவ போனாலும் பத்தடி தள்ளிப் போட்டதில்ல."

கிளெனிஸ் அளவுகோல் வைத்து இரண்டு கோடு இழுத்தார். அவை வெட்டிக்கொண்ட இடம், சேறு கொட்டும் எல்லைக்குத் தெற்கே ஒன்றரைக் கிலோமீட்டர் தள்ளி இருந்தது.

திரும்பும் வழியில், "பென்சில் கொஞ்சம் நழுவியிருக்கலாம்," என்றேன்.

"ரோட்டப் பாத்து ஓட்டு."

அன்று மாலையே சீட்டை முழுதாக எழுதி, யார் தேடினாலும் கிடைக்கும்படி பொதுப் பட்டியலில் ஏற்றிவிட்டார். இடம் எப்படித் தெரிந்தது என்ற கட்டத்தில் மெர்வின் பெயரும் இரண்டு கோடுகளும் இருந்தன. பிறகு டெல்மாவுக்குப் போன் செய்தார். கோடுகள் வெட்டிக்கொண்ட இடத்தைச் சொன்னார்.

"மேப்புல ஒரு கட்டவிரல் தூரம், கிளெனிஸ்," என்றார் டெல்மா.

"தெரியும்."

அடுத்த மாதம் நகர மண்டபத்தில் விசாரணை. நிறுவனத்தின் வக்கீல் அந்தச் சீட்டைத்தான் திரையில் போட்டார். பழைய ஆதாரம் இது ஒன்றுதான், இதன்படி புல் இருந்தது தெற்கில், வடக்கில் இருந்ததாக எங்கும் பதிவில்லை என்றார். இவ்வளவு ஒழுங்கான சீட்டை எழுதியவருக்கு நன்றி சொல்ல வேண்டும் என்று பெயரையும் படித்தார். சபை திரும்பிப் பார்த்தது. இருபத்திரண்டு ஆண்டில் கிளெனிஸுக்குக் கிடைத்த முதல் பாராட்டு அது. எனக்கு ஆத்திரம் வந்தது. வக்கீல் மேல் மட்டும் இல்லை, கிளெனிஸ் மேலும்தான்.

வடக்கில் சேறு கொட்ட அனுமதி அன்றே கொடுத்துவிட்டார்கள். வெளியே தேநீர் மேசையருகே டெல்மா தனியாக நின்றிருந்தார். கிளெனிஸ் பக்கத்தில் போய் நின்றார்.

"அந்தச் சீட்டு பொய்னு எந்திரிச்சு சொல்லிரலாம்னு பாத்தேன்," என்றார் டெல்மா. "நீ எழுதுனதாச்சே. வாய் வரல."

கிளெனிஸ் அப்போதுதான் அழுதார்.