கூடத்துத் தரையில் நான் வரைந்த ஒரு ரூபாய்

லட்சுமி படங்களில் கொட்டுகிற காசுகள் மேல் எனக்கு ரொம்ப நாளாகவே கோபம். தேவி மேல் இல்லை, வரைகிறவர்கள் மேல். உள்ளங்கையிலிருந்து காசு கொட்டிக்கொண்டே இருக்கும். அதில் ஒன்றாவது புரண்டு, குப்புற, விளிம்பு தெரிய விழுகிறதா என்றால் கிடையாது. அத்தனையும் ஸ்டூடியோவில் போட்டோவுக்கு நிற்கிற குடும்பம் மாதிரி நேராக நம்மைப் பார்த்துக்கொண்டிருக்கும். கீழே குடத்துக்குள் விழுந்த பிறகும் அதே வட்டம், அதே மஞ்சள். நிழல் என்ற பேச்சே இல்லை.

கல்லில் செதுக்கியவர்கள் பரவாயில்லை. எங்கள் பக்கத்துக் கோயில் ஒன்றின் வாசலில் சங்கநிதி, பதுமநிதி என்று செல்வத்துக்குக் காவலான இரண்டு குண்டுக் குள்ளர்கள் உட்கார்ந்திருப்பார்கள். அவர்கள் கையிலிருந்து வழிகிற காசுகளைச் சிற்பி ஒன்றன்மேல் ஒன்று சரித்து, அழகாகத்தான் செதுக்கியிருக்கிறார். ஆனால் போகிறவர் வருகிறவரெல்லாம் தடவித் தடவி, எண்ணெயை அப்பி, இப்போது அது காசா முறுக்கா என்று சொல்ல முடியாது. தடவினால் காசு வரும் என்று நம்பிக்கை. வந்ததாக யாரும் சொல்லி நான் கேட்டதில்லை.

எழுபதுகளின் கடைசியில் நான் டிராயிங் டீச்சராக இருந்தேன். வீடு சிம்மக்கல்லில் மொத்த வியாபாரக் கடைகளுக்குப் பின்னால் ஒரு சந்து. பள்ளிக்கூடம் ஆற்றுக்கு அந்தப் பக்கம், கோரிப்பாளையத்தில். எட்டாம் வகுப்புப் பிள்ளைகளிடம், “காசை அப்பளம் மாதிரி போடாதீங்கடி” என்று கத்திக்கொண்டே இருப்பேன். ஒருநாள் ஒருத்தி எழுந்து, “அப்ப நீங்க ஒண்ணு போட்டுக் காட்டுங்க டீச்சர்” என்றாள். பணிவாகத்தான் கேட்டாள். எனக்குத்தான் சுருக்கென்றது.

முழுப்பரீட்சை லீவில் போட்டேன். தாளில் இல்லை. எங்கள் வீட்டுக் கூடத்தில், சிவப்பு சிமெண்ட் தரையில், வாசலிலிருந்து நாலு எட்டு தள்ளி. கடைகளுக்குப் போர்டு எழுதுகிறவரிடம் கொஞ்சம் எனாமல் பெயிண்ட் வாங்கிக்கொண்டேன். நிஜமான ஒரு ரூபாயைப் பக்கத்தில் வைத்து, அதே அளவில், அதே நெற்கதிரோடு வரைந்தேன். எங்கள் வீடு கிழக்குப் பார்த்த வாசல். காலை எட்டு மணிக்கு வெயில் நேராகக் கூடத்துக்குள் வரும். அந்த வெளிச்சத்தில் மட்டும் மூன்று நாள் உட்கார்ந்தேன். காசுக்கு, வீட்டின் உள்பக்கம் பார்த்த ஓரத்தில், மயிரிழை அளவுக்கு ஒரு நிழல் வைத்தேன். அந்த நிழல் விழுந்ததும் காசு தரையை விட்டு எழுந்து உட்கார்ந்தது. எனக்கே கை நீண்டது.

முதலில் ஏமாந்தவர் அப்பா. சர்க்கார் ஆபீஸில் ஹெட் கிளார்க். குனிந்தார், நகத்தால் நெம்பினார், இன்னொரு விரலையும் சேர்த்து நெம்பினார். பிறகு சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, வேட்டி நுனியைச் சரிசெய்யத்தான் குனிந்தவர் மாதிரி நிமிர்ந்தார். அடுத்தது அம்மா. தெரியாமல் மிதித்துவிட்டு, பதறிப்போய்த் தொட்டுத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். பெயிண்ட் என்று நான் சொன்ன பிறகும் ஒற்றினார்.

“காசு காசுதானே. வரைஞ்சா என்ன, அடிச்சா என்ன?”

அந்தக் காசால்தான் வினை வந்தது. அந்த வருஷம் எனக்கு இருபத்தாறு வயது. ஏற்கெனவே இரண்டு இடம் வந்து தட்டிப்போயிருந்தது. இரண்டு வீட்டிலும் ஒரே பேச்சு: கல்யாணத்துக்குப் பிறகு பொண்ணு வேலைக்குப் போகக் கூடாது, இந்தப் படம் கிடம் எல்லாம் பொறந்த வீட்டோடு. வரைவதை விடச் சொல்கிற வீடு எனக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். “நீ கேக்கிற மாதிரி வீட்டை மதுரையில இன்னும் யாரும் கட்டலம்மா” என்றார் அப்பா. கிண்டலாகச் சொன்னாலும் அவர் முகம் கிண்டலாக இல்லை.

மூன்றாவதாக வந்த மாப்பிள்ளையின் தகப்பனார் நல்ல கௌரவஸ்தர். காசைப் பார்த்துவிட்டார். குனிந்து எடுத்தால் மரியாதையா? தோளில் கிடந்த துண்டை அதன்மேல் நழுவவிட்டார். துண்டை அள்ளி எடுத்தார். காசு அங்கேயே கிடந்தது. பேச்சுவாக்கில் துண்டு மறுபடி நழுவியது. மூன்றாம் முறை விழுந்தபோது அம்மாவுக்குப் பொறுக்கவில்லை. “அண்ணே, அது வராது. எங்க பிள்ளை வரைஞ்சது” என்று சொல்லிவிட்டார். மனிதர் துண்டை உதறித் தோளில் போட்டவர், காபியைக்கூடத் தொடவில்லை. பெண்ணுக்குக் கொழுப்பு அதிகம் என்று தரகரிடம் சொல்லியனுப்பினார்கள்.

அப்பா கொதித்தார். “நாளைக்கே அதச் சொரண்டி எறியணும்.”

“நாளைக்கு வெள்ளிக்கிழம” என்றார் அம்மா.

“சரி, சனிக்கிழம.”

“வீட்ல இருக்கிற லச்சுமியச் சொரண்டி வெளிய போடுறதுக்கு நல்ல கிழமைன்னு ஒண்ணு இருக்கா?”

அப்பாவுக்கும் உள்ளூரப் பயம்தான். கடைசியில், யாராவது வந்தால் மேலே ஜமுக்காளத்தை விரித்துவிடுவது என்று சமாதானம் ஆனது.

நாலாவது இடம் ஆனி மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமை வந்தது. விட்டால் ஆடி, யாரும் பெண் பார்க்க வரமாட்டார்கள். மாப்பிள்ளைக்கு சர்வே ஆபீஸில் மேப் வரைகிற டிராப்ட்ஸ்மேன் வேலை. தகப்பனார் இல்லை. ஒத்தக்கடையில் புதிதாக வீடு கட்டியிருந்தார்கள். நாலரைக்கு ராகுகாலம் என்பதால் நாலு மணிக்கே அம்மாவும் மகனும் வந்துவிட்டார்கள். நான் அடுப்படியில் காபித் தட்டோடு நின்றேன். கூப்பிடும்போது தலையைக் குனிந்துகொண்டு போக வேண்டும், அதுதான் சட்டம்.

கூடத்தில் என்ன நடந்தது என்பதைக் கதவிடுக்கில் பார்த்தேன். மாப்பிள்ளையின் அம்மாவுக்கு வியர்த்தது. காற்றாடிக்கு நேராக உட்கார நினைத்து ஜமுக்காளத்தை ஒரு இழு இழுத்தார். மகனுடைய காலடியில் என் ஒரு ரூபாய் பளிச்சென்று வெளியே வந்தது.

அப்பா கண்ணை மூடிக்கொண்டார்.

அந்த மனிதர் குனிந்தார். நகத்தை வைக்கவில்லை. தரையில் உள்ளங்கையை ஊன்றி, ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தார்.

“யார் போட்டது?”

“அது... பிள்ள சும்மா, வெளயாட்டுக்கு...” என்று அப்பா இழுத்தார்.

“நல்லாருக்கு சார். ஆனா நெழல் தப்பா விழுதே.”

அடுப்படியில் தட்டை வைத்தேன். கூப்பிடாமலே போனேன், காபி இல்லாமல் போனேன், தலை நிமிர்ந்துதான் இருந்தது.

“எது தப்பு?”

அவர் திடுக்கிட்டாலும் பின்வாங்கவில்லை. “வெளிச்சம் கொல்லப் பக்கமிருந்து வருது. அப்ப நெழல் வாசப் பக்கம்ல விழணும்? நீங்க உள்பக்கம் போட்டிருக்கீங்க.”

“இது காலையில எட்டு மணிக்குப் போட்டது. வெயில் வாசல் வழியா வரும். எட்டு மணிக்கு வந்து பாத்துட்டு, அப்பறம் தப்புன்னு சொல்லுங்க!”

“சரி. நாளைக்கு எட்டு மணிக்கு வாரேன்.”

“திங்கக்கெழம எட்டு மணி ராகுகாலமாச்சே” என்று எங்கள் அம்மா முனகினார். மாப்பிள்ளையின் அம்மா பெருமூச்சு விட்டார். “நீங்க வேற மதினி. சோத்துத் தட்டு வட்டமா இருக்கான்னு பாத்துட்டுத்தான் இவன் கைய வைப்பான்.” அதைக் குறையாகச் சொன்னாரா பெருமையாகச் சொன்னாரா என்று எங்களுக்குத் தெரியவில்லை. நாலரை அடிப்பதற்குள் கிளம்பிவிட்டார்கள்.

அப்பா திட்டியிருந்தால் நானும் பதிலுக்குப் பேசியிருப்பேன். திட்டவில்லை. “அம்புட்டுத்தான். இதும் போச்சு” என்று சொல்லிவிட்டுச் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். மாட்டிய பிறகும் அந்தச் சட்டையைப் பிடித்துக்கொண்டே நின்றார். அந்த முதுகைப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை. முதல்முறையாக, என் கோபத்துக்கு இவர் எதற்கு வட்டி கட்ட வேண்டும் என்று தோன்றியது. டர்பன்டைன் பாட்டிலையும் ஒரு பழந்துணியையும் எடுத்துக் காசுக்குப் பக்கத்தில் வைத்தேன். “காலையில எட்டு தாண்டட்டும்பா. நானே அழிச்சிடுறேன்” என்றேன். அம்மா குனிந்து காசை ஒருதரம் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

காலையில் குளித்து, பள்ளிக்கூடத்துக்குச் சேலை கட்டி, கூடத்தில் வந்து உட்கார்ந்தேன். வெயில் வாசல்படி ஏறி, தரையில் ஊர்ந்து, காசைத் தொட்டது. எட்டு அடித்தது. யாரும் வரவில்லை. அப்பா கடிகாரத்தைப் பார்ப்பதும் என்னைப் பார்க்காமல் இருப்பதுமாக இருந்தார். எட்டு பத்துக்கு பாட்டில் மூடியைத் திறந்தேன். துணியை நனைத்தேன். கூடமெல்லாம் நெடி அடித்தது.

“மன்னிச்சிருங்க. மேலூர் ரோட்டுல பஸ் லேட்டு” என்று வாசலில் குரல் கேட்டது.

செருப்பைக் கழற்றிவிட்டு வந்தவர் வேறு பேச்சே பேசவில்லை. குந்தி உட்கார்ந்தார். தன் நிழல் காசின்மேல் விழாதபடி கொஞ்சம் நகர்ந்துகொண்டார். அது வெறும் பெயிண்ட் என்று தெரிந்த மனிதர், முந்தின நாள்தான் குறை சொல்லிவிட்டுப் போனவர். அவர் வலது கை மெல்ல நீண்டது. கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் காசை எடுக்கிற மாதிரி குவிந்து, தரைக்கு ஓர் அங்குலம் மேலே சட்டென்று நின்றன. அதை நான் பார்த்துவிட்டேன் என்பதை அவரும் பார்த்துவிட்டார்.

எழுந்து அப்பாவிடம் சொன்னார்: “நெழல் சரியாத்தான் இருக்கு. நான் சொன்னதுதான் தப்பு.”

மாப்பிள்ளை வீட்டு ஆள் ஒருவர் தன்மேல் தப்பு என்று சொல்லி அப்பா அதுவரை கேட்டதில்லை. உட்காரச் சொல்லவும் மறந்து நின்றார். மாப்பிள்ளை என் கையில் இருந்த ஈரத்துணியைப் பார்த்தார். “இது எதுக்கு?”

“அழிக்கத்தான்” என்றேன்.

அவர் மேப்பில் அளவு சொல்கிற மாதிரி நிதானமாக அப்பாவைப் பார்த்துச் சொன்னார்:

“மாமா, எங்க வீடு மேக்கப் பாத்த வாசல். அங்க காலையில போட்டா வெளிச்சம் பத்தாது. சாயங்காலம் இவங்க ஸ்கூல் விட்டு வந்து போட்டா சரியா இருக்கும்.”

அப்பாவின் காதில் ‘மாமா’ மட்டும்தான் விழுந்தது. அம்மாவைக் கூப்பிட வாயெடுத்தவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். எனக்குக் கேட்டது ‘ஸ்கூல் விட்டு வந்து’. அடுப்படிக்குள் ஓடிப்போய் அழுதேன்.