ஆள் எடுப்பவரின் பெண்டாட்டி

என் வீட்டுக்காரர் வேறொருவருடைய ஃபைபர் படகில் கூலிக்குப் போகிறவர். கடலில் அவர் பேச்சை யாரும் கேட்பதில்லை, வீட்டில் நான் கேட்பதில்லை. வருடத்தில் ஒரே ஒரு நாள், லைட்ஹவுஸ் குப்பத்து மணலில், எல்லோரும் பேச்சை நிறுத்திவிட்டு அவர் வாயையே பார்ப்பார்கள். குப்பங்களின் கால்பந்துப் போட்டிக்கு ஆள் எடுக்கும் நாள் அது. அந்த ஒரு நாளுக்காகச் சட்டையை இஸ்திரிக்குக் கொடுப்பார்.

குப்பத்துக்குக் குப்பம் தனி அணியாக ஆடிய காலத்தில் பந்தைவிட மண்டைகளே அதிகம் அடிபட்டன. அதனால் பெரியவர்கள் பழவேற்காடு ஏரியில் இருக்கிற வழக்கத்தைப் பந்துக்கும் கொண்டுவந்தார்கள். ஏரியில் எந்த இடத்தில் யார் வலை போடுவது என்று சீட்டுக் குலுக்கி முறை வைத்துக்கொள்வோம். அதற்குப் பாடு என்று பெயர். அதே மாதிரி எல்லாக் குப்பத்து ஆட்டக்காரர்களையும் ஒன்றாக நிறுத்தி, நான்கு பேர் முறை போட்டு ஒவ்வொருவராக எடுத்துத் தங்கள் அணியைச் சேர்ப்பார்கள். அந்த நால்வரில் இவரும் ஒருவர்.

போன வருடம் முதல் பாடு இவருக்கே விழுந்தது. பொன்னேரியில் கல்லூரி அணிக்கு ஆடுகிற பையன் முன்வரிசையில் காலை உதறிக்கொண்டு நின்றான். இவர் அவனைத் தாண்டிப் போய், ஏரியில் கையால் தடவி இறால் பிடிக்கிற ஒருவரின் தோளைத் தொட்டார். கோல்கீப்பராம்.

"கலங்கல் தண்ணில கண்ணுக்கே தெரியாத எறாவ அமுக்குற கைமே அது. பந்து அம்மாம் பெருசு கீது, வுட்ருவாரா?" என்று வீட்டில் எனக்கு விளக்கினார். எனக்கும் நியாயமாகத்தான் பட்டது.

முதல் ஆட்டத்தில் அந்த மனிதர் ஒரு பந்தையும் விடவில்லை. மறுநாள் பழவேற்காடு மார்க்கெட்டில் நான் மீன் கூடையை இறக்கும் முன்பே ஐஸ் உடைக்கிறவர், "உன் வூட்டுக்காரருக்கு இன்னா மூளைக்கா!" என்றார். அன்று அவர் கொடுத்த ஐஸும் கொஞ்சம் தாராளம்.

கடைசி ஆட்டத்தில் எதிரணியில் அந்தக் கல்லூரிப் பையன். தரையோடு அடித்துப் பார்த்தான், வேலைக்காகவில்லை. பந்தைத் தூக்கி அடித்தான். இறால் எந்தக் காலத்திலும் தலைக்கு மேலே வந்ததில்லையே! எங்கள் கோல்கீப்பர் பழக்க தோஷத்தில் குனிந்து, இரண்டு கையையும் காலடியில் விரித்து வைத்துக்கொண்டு காத்திருந்தார். பந்து அவர் தலைக்கு மேலே போய் கோலுக்குள் விழுந்தது; ஆட்டமும் அதோடு போனது.

"நான் அன்னைக்கே நெனச்சேங்கா" என்றார் மறுநாள் அதே ஐஸ்காரர். அவர் மட்டுமா? டீக்கடையில், வலை பின்னும் கொட்டகையில், பொன்னேரி பஸ்ஸில், எல்லோரும் அன்றைக்கே நினைத்திருந்தார்கள். இத்தனை ஜோசியக்காரர்கள் இருக்கிற ஊரில் புயலுக்கு ஏன் ரேடியோ கேட்கிறோம் என்றுதான் எனக்குப் புரியவில்லை.

இவர் டீக்கடைக்குப் போவதை நிறுத்திவிட்டார். பின்னி முடித்த வலையையே மறுபடி பிரித்துப் பின்னிக்கொண்டிருந்தார்.

இவரை நீக்குவதற்கென்றே ஊர்க்கூட்டம் போட்டார்கள். நான் பின்னால் பெண்கள் பக்கமிருந்து எழுந்தேன். "ஏரில நல்ல பாடு வுழுந்தும் வலை காலியா வருது. அதுக்கு யாரையாச்சும் தள்ளி வெச்சிருக்கீங்களா?"

"ஏரி ஆண்டவன் கையில கீதும்மா. ஆட்டம் நம்ம கையில கீது" என்றார் தலைவர்.

"சரி நைனா, அப்ப யாரத்தான் மொதல்ல எடுத்துருக்கணும்? ஒவ்வொருத்தரா சொல்லுங்க."

சொன்னார்கள். கல்லூரிப் பையனின் பெயரை அவன் அப்பாவைத் தவிர யாரும் சொல்லவில்லை. ஒவ்வொருவரும் அவரவர் மகனைச் சொன்னார்கள். தலைவருக்கு மகன் இல்லை, மருமகனைச் சொன்னார். அதற்கப்புறம் நடந்ததை விலக்கிவிடப் பெண்கள் போக வேண்டியிருந்தது.

கடைசியில் யாரும் ஆள் எடுக்கவே வேண்டாம், பெயர்களைச் சீட்டில் எழுதிக் குடத்தில் போட்டு வருகிறபடி நான்கு அணிக்கும் பிரிப்போம் என்று முடிவானது. பாவம் பார்த்து, சீட்டு எடுக்கிற வேலையை இவருக்கே கொடுத்தார்கள். எனக்கு உயிர் வந்தது. கண்ணை மூடிக்கொண்டு எடுக்கிற சீட்டுக்கு யார் குறை சொல்ல முடியும்?

இந்த வருடம் இஸ்திரி போட்ட சட்டையோடு போய் எடுத்துக் கொடுத்தார். எங்கள் குப்பத்துப் பையன்கள் அதிகம் விழுந்த அணி முதல் ஆட்டத்திலேயே தோற்றது. மறுநாள் மார்க்கெட்டுக்குப் போகிறேன், ஐஸ்காரர் உதட்டைப் பிதுக்குகிறார். "குடத்துல மேலாக்க கீற சீட்டா எடுத்துட்டாருக்கா. நல்ல ஆளுங்க சீட்டெல்லாம் அடியிலதான இருந்துச்சு."

சிரித்துச் சிரித்து எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. இவரும் சிரிக்கட்டும் என்று வீட்டுக்கு ஓடி வந்து சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. வலது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இன்னாமே, அடியில துழாவியிருக்கணுமோ?" என்றார்.