எல்லைக்கு இந்தப் பக்கம் நின்ற வண்டி

பெட்ரோல் தீரப்போகிறது என்று சொல்கிற அந்தச் சின்ன ஆரஞ்சு விளக்கு என் காரில் எரிந்தாலே எனக்கு அண்ணன்மேல் கோபம் வந்துவிடும். இந்த ஞாயிற்றுக்கிழமையும் அப்படித்தான். கும்பகோணத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டுத் தனியாகக் காரைக்காலுக்குத் திரும்பிக்கொண்டிருந்தேன். ஊரைத் தாண்டுவதற்குள் விளக்கு எரிந்துவிட்டது. சாலையோரம் பங்க்குக்கு மேல் பங்க். ஒன்றில் நுழைந்து போட்டுக்கொண்டு வந்தால் என்ன குறைந்துபோகும்? நுழையவில்லை. ஒவ்வொன்றாகத் தாண்டிக்கொண்டே, பக்கத்து இருக்கையில் இல்லாத மனிதரைத் திட்டிக்கொண்டு வந்தேன். "எல்லாம் உங்களால வந்தது" என்று வாய்விட்டே சொன்னேன். பின்னால் வந்த பஸ்காரன் ஹாரனை அழுத்தினான்.

அண்ணன் என்னைவிட ரொம்ப மூத்தவர். ஆயுள் முழுக்கத் தனியார் பஸ் ஓட்டிவிட்டு, கண்ணில் கோளாறு வந்து ஸ்டியரிங்கை விட்டவர். அண்ணி இறந்த பிறகு என் வீட்டு மாடியில் வந்து இருந்தார். நர்ஸ் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற கையோடு நான் கார் ஓட்டக் கற்றுக்கொண்டேன். அதுதான் நான் செய்த தப்பு. ஒரு பழைய டிரைவரைப் பக்கத்தில் உட்கார வைத்து ஓட்டிப் பார்த்தவர்களுக்குத்தான் என் கஷ்டம் புரியும். நான் பிரேக்கை மிதிப்பதற்கு முன்னால் அவர் கால் தரையை மிதிக்கும். நான் கியர் மாற்றினால் அவர் பல்லைக் கடிப்பார். "கிளட்ச்ச மெதுவா விடு பாப்பா, அதுக்கும் வலிக்கும்ல" என்பார். பேரன் எடுத்த பிறகும் எனக்குப் பெயர் பாப்பா.

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். பெட்ரோல் விஷயத்தில்தான் உயிரை வாங்குவார். எங்கள் ஊரில் பெட்ரோலுக்கு வரி குறைவு. பக்கத்துத் தமிழ்நாட்டு ஊர்க்காரர்களே எல்லை தாண்டி வந்து நிரப்பிக்கொண்டு போவார்கள். அதனால் காரைக்காலில் பிறந்தவர்களுக்கு வெளியூர் பங்க்கில் வண்டியை நிறுத்துவது ஏதோ மானம் போகிற காரியம். அண்ணனுக்கு அது முற்றிப்போன வியாதி. மாஹேயில் நான் வேலை பார்த்தபோது கூட இருந்த தோழியின் மகளுக்குக் கல்யாணம் என்று இரண்டு பேரும் காரிலேயே புறப்பட்டோம். கேரளக் கரையில் இருந்தாலும் மாஹேயும் எங்கள் புதுச்சேரி அரசைச் சேர்ந்த ஊர். அங்கேயும் விலை குறைவு. திரும்பும்போது அங்கே டேங்க்கை வழிய வழிய நிரப்பச் சொன்னார். "இனிமே நம்ம ஊர்லதான்" என்று சொல்லிவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டார். நடுவில் இரண்டு மாநிலம் கிடக்கிறது! பாலக்காட்டுக் கணவாயில் ஏசியை அணைக்க வைத்தார். கரூர் வெயிலில் என் புடவை முதுகோடு ஒட்டிக்கொண்டது. "காத்து வருதுல்ல" என்றார். வந்தது, அடுப்பிலிருந்து வருகிற மாதிரி.

அந்தப் பயணத்தின் கடைசி நாளில் பழைய சிநேகிதர்களைப் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போவது என்று ஏற்பாடு. கும்பகோணத்தில் அவரோடு வேலை பார்த்த கண்டக்டர், மாயவரத்தில் ஒரு செக்கிங் இன்ஸ்பெக்டர், எல்லையைத் தாண்டியதும் நெடுங்காட்டில் வயலைப் பார்த்துக்கொண்டிருந்த பஸ் மெக்கானிக். கடைசியாக, கடற்கரையில் மண்டபத்தூர். அந்தக் கடைசி வீட்டுக்காகத்தான் நான் இந்த ஏற்பாட்டுக்கே சம்மதித்தேன். மண்டபத்தூர்க்காரர் படகில் கடலுக்குப் போகிறவர். அவர் மனைவி கூடையில் மீன் விற்றவர். மீன் கூடையை எந்த பஸ்ஸிலும் ஏற்ற மாட்டோம் என்று விரட்டிய காலத்தில், "ஏறும்மா, பின்னால வை" என்று சொன்னவர் அண்ணன். அன்றிலிருந்து அண்ணன் அந்த அம்மாளுக்குக் கூடப்பிறக்காத அண்ணன். பஸ் மண்டபத்தூரில் நின்றால் தூக்கில் மீன் குழம்போடு அந்த அம்மாள் நிற்பார். பயணிகள் மூக்கைப் பொத்திக்கொண்டு சத்தம் போடுவார்கள். அண்ணன் காதில் விழாது.

அந்த அம்மாள் அந்தப் பயணத்துக்கு ஆறு மாதம் முன்னால் திடீரென்று போய்விட்டார். செய்தி வந்ததும் அண்ணன் சட்டையைப் போட்டார், நாற்காலியில் உட்கார்ந்தார், சட்டையைக் கழற்றினார். உடம்பு சுடுகிறது என்றார். தொட்டுப் பார்த்தேன், சுடவில்லை. கருமாதிக்கும் போகவில்லை. அப்புறம் துக்கம் கேட்கவாவது போங்கள் என்றால், இன்றைக்கு செவ்வாய், நாளைக்கு அமாவாசை, அப்புறம் வெள்ளி என்று வாரத்தின் எல்லா நாளுக்கும் ஒரு காரணம் வைத்திருந்தார். எங்கள் அண்ணி இறந்தபோது மூன்று நாள் கடலுக்குப் போகாமல் எங்கள் வீட்டு வாசலிலேயே கிடந்தவர் மண்டபத்தூர்க்காரர். அவர் வீட்டுக்கு இவர் எட்டிப் பார்க்கவில்லை. அவரும் அதன்பின் போன் செய்யவில்லை. ஒரு வாழ்நாள் சிநேகிதம் இப்படி அறுந்துபோவதைப் பார்க்க எனக்கு வயிறு எரிந்தது. இந்தத் தடவை விடக்கூடாது என்று இருந்தேன். துக்க வீட்டுக்குப் போனால் அப்புறம் வேறு வீட்டுக்குப் போகக்கூடாது, நேராக வந்து குளிக்க வேண்டும். அதனால் கடைசி. விளக்கு வைத்த பிறகு துக்கம் கேட்கக் கூடாது. அதனால் சாயங்காலத்துக்குள். காலையிலேயே இதைப் படித்துப் படித்துச் சொன்னேன்.

யாரிடம் சொன்னேன்! கும்பகோணத்துக் கண்டக்டர் வீட்டில் காபி குடித்தது கொஞ்ச நேரம்தான். விடைபெற்றதுதான் பெரும் நேரம். "சரி, போயிட்டு வர்றோம்" என்று அண்ணன் கூடத்தில் எழுந்தார். எழுந்த இடத்திலேயே ஒரு கதை. வாசற்படியில் மறுபடியும் "போயிட்டு வர்றோம்", மறுபடியும் ஒரு கதை. நான் காரைக் கிளப்பினேன். கேட்டருகில் இன்னொன்று. கடைசியில் ஏறி உட்கார்ந்து, கண்ணாடியை இறக்கி, கண்டக்டரின் கையைப் பிடித்துக்கொண்டு, காலம் சென்ற ஒரு முதலாளியின் கஞ்சத்தனத்தை ஆதியோடந்தமாகச் சொன்னார். இன்ஜின் ஓடிக்கொண்டே இருந்தது. நாலு சொட்டு மிச்சம் பிடிக்க என்னை வெயிலில் வேக வைத்த மனிதர், விடைபெறுவதற்கு ஒரு டேங்க்கையே எரிப்பார். மாயவரத்திலும் இதே கூத்து. அங்கிருந்து கிளம்பியபோது ஆரஞ்சு விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

"அண்ணே, இங்க கொஞ்சம் போட்டுக்குவோம்" என்றேன்.

"போகும் பாப்பா. நான் பாக்காத வண்டியா?"

போகவில்லை. எங்கள் எல்லை வரவேற்பு வளைவு கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில், இரண்டு பக்கமும் வயலாக இருந்த இடத்தில், வண்டி இரண்டு தடவை தும்மிவிட்டு நின்றது. வளைவுக்கு அந்தப் பக்கம் எங்கள் ஊர் பங்க்கின் பலகைகூடத் தெரிந்தது. நான் தலையில் அடித்துக்கொண்டேன். வாய்க்கு வந்ததையெல்லாம் சொன்னேன். அண்ணன் நெடுங்காட்டு மெக்கானிக்குக்கு போன் போட்டார். "இந்தா, ஆள அனுப்புறேன்" என்று அந்தப் பக்கம் குரல் கேட்டது. வெயில் சாய்ந்துகொண்டிருந்தது. இனி நெடுங்காட்டில் சாப்பிட்டு, விடைபெற்று, மண்டபத்தூர் போனால் விளக்கு வைத்துவிடுவார்கள். அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஆயுள் முழுக்க வண்டி ஓட்டியவருக்கு, எது எங்கே நிற்கும் என்று தெரியாதா?

"வேணும்னுதானே செஞ்சீங்க?"

அண்ணன் வயலைப் பார்த்துக்கொண்டிருந்தார். "நின்னா நிக்கட்டும்னுதான் இருந்தேன் பாப்பா" என்றார். "அந்த வீட்ல அவ இல்லாம நான் எங்க போய் உட்கார்றது? அவன் மூஞ்சிய எப்படிப் பாக்குறது? சாவுக்குப் போவாத பய நான்."

எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. ஆறுதல் சொல்லத் தோன்றவில்லை. "நல்லா அழுங்க, அழுதுகிட்டே இங்கேயே இருங்க" என்று கத்திவிட்டுக் காரை விட்டு இறங்கி நின்றேன். எல்லைப் பக்கமிருந்து ஒரு டி.வி.எஸ். வண்டி வந்தது. ஹேண்டில்பாரில் ஒரு வெள்ளை கேன் ஆடிக்கொண்டிருந்தது. ஓட்டி வந்தவர் மெக்கானிக் இல்லை. மண்டபத்தூர்க்காரர். அன்று நாங்கள் வருகிறோம் என்று மெக்கானிக் சொல்லியிருக்கிறார். இவன் என் வீட்டுக்கு வரமாட்டான், நானாவது போய்ப் பார்க்கிறேன் என்று மத்தியானமே நெடுங்காட்டுக்கு வந்து உட்கார்ந்திருக்கிறார். போன் வந்ததும் கேனை வாங்கிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

மெலிந்திருந்தார். தாடி நரைத்திருந்தது. எங்கள் இருவரையும் பார்க்காமல் டேங்க் மூடியைத் திறக்கச் சொன்னார். பாதியாக வெட்டிய தண்ணீர் பாட்டிலைச் செருகி, ஒரு சொட்டுச் சிந்தாமல் ஊற்றினார். கடைசிச் சொட்டு வரை அண்ணன் பக்கத்தில் கையைப் பிசைந்துகொண்டு நின்றார். ஒரு கண்டக்டரை அத்தனை நேரம் நிறுத்திவைத்துப் பேசிய வாய்க்கு ஒரு வார்த்தை கிடைக்கவில்லை.

கேனை மூடிவிட்டு மண்டபத்தூர்க்காரர் நிமிர்ந்தார். "மாஹேலேருந்து இங்க வரைக்கும் வந்துச்சு. என் வீட்டுக்கு வர்றதுக்குத்தான் ஒனக்குப் பெட்ரோல் இல்லாம போச்சாடா?"

அண்ணன் அவர் தோளில் சாய்ந்து, சாலையென்றும் பாராமல் அழுதார். அவரும் அழுதார். ஒரு வைக்கோல் லாரி எங்களைச் சுற்றிக்கொண்டு போனது. நான் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டு மூக்கைத் துடைத்தேன். அவ்வளவு கோபத்துக்கு நடுவிலும் அழுகைதான் வந்தது. "சாப்பாட்ட நெடுங்காட்டுக்காரன் மூடி வைக்கட்டும். இருட்டறதுக்குள்ள மொதல்ல வீட்டுக்கு வா" என்று மண்டபத்தூர்க்காரர் வண்டியை உதைத்தார். அவர் முன்னால் போக, நாங்கள் பின்னால் போனோம். எல்லை பங்க்கில் டேங்க்கை நிரப்பிக்கொண்டது தனி. அதில் மட்டும் அண்ணன் மாறவில்லை.

மண்டபத்தூரில் பாயைப் போட்டு உட்கார்ந்தோம். பொழுது சாயப்போகிறது என்று நான் கண்ணால் சொன்னதும் அண்ணன் எழுந்தார். துக்க வீட்டில் "போயிட்டு வர்றேன்" என்று சொல்லக் கூடாது. எழுந்து, பேசாமல் போய்விட வேண்டும். முதல் தடவையாக அண்ணன் ஒரு வீட்டிலிருந்து வாயைத் திறக்காமல் வெளியே வந்து காரில் ஏறினார். அப்பாடா என்று சாவியைத் திருப்பினேன். உடனே கதவைத் திறந்துகொண்டு இறங்கிவிட்டார். "அண்ணே, வேணாம்" என்று நான் கூப்பிடக் கூப்பிட, வீட்டைச் சுற்றிக்கொண்டு பின்பக்கம் போனார். அங்கேதான் அந்த அம்மாள் அரிவாள்மனையோடு உட்கார்ந்து மீன் நறுக்குவார். அண்ணன் விடைபெறுகிறபோதெல்லாம் நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "எப்பண்ணே? எப்ப வருவீங்கன்னு சொல்லிட்டுப் போங்க" என்று கேட்பார். நாள் சொல்லாமல் விட மாட்டார்.

காலியாகக் கிடந்த அந்த இடத்தைப் பார்த்து அண்ணன், "தங்கச்சி, போயிட்டு வர்றேன்" என்றார். யாராவது பெண்கள் கேட்டால் என்ன நினைப்பார்கள்! பின்னாலேயே வந்த மண்டபத்தூர்க்காரர் அண்ணன் பக்கத்தில் வந்து நின்றார். பிறகு, "எப்படா?" என்றார்.

"வர்ற ஞாயித்துக்கெழம."

அதற்கப்புறம் ஞாயிற்றுக்கிழமை தவறியதில்லை. ஓட்டியது யார்? நான்தான். மழையானாலும் வெயிலானாலும், ஏசி இல்லாமல். இரண்டு கிழவர்களும் கடலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். நான் காரில் புழுங்கிக்கொண்டிருப்பேன். அந்த வெள்ளை கேனையும் அண்ணன் எங்கள் டிக்கியிலேயே போட்டு வைத்துவிட்டார், இனிமேல் தேவைப்படும் என்று.

போன வருஷம் அண்ணனும் போய்விட்டார். எல்லாம் முடிந்து, வந்தவர்கள் ஒவ்வொருவராக எழுந்து, முறைப்படி ஒன்றும் சொல்லாமல் போய்க்கொண்டிருந்தார்கள். எங்கள் வீட்டிலிருந்து அப்படி சத்தமில்லாமல் ஆட்கள் கலைந்து போனதை நான் பார்த்ததே இல்லை. மண்டபத்தூர்க்காரர் கடைசியாக எழுந்தார். கேட் வரைக்கும் போனார். திரும்பினார். "போயிட்டு வர்றேன்டா" என்று வீட்டைப் பார்த்து உரக்கச் சொன்னார். பெண்கள் வாயில் கை வைத்தார்கள். யாராவது கேட்க வேண்டுமே. நான் கேட்டேன், "எப்பண்ணே?"

"ஞாயித்துக்கெழம வர்றேம்மா" என்றார்.

வந்துகொண்டிருக்கிறார். இந்த ஞாயிற்றுக்கிழமையும் வந்திருக்கிறார். கல்யாணத்துக்குப் போகிறேன் என்று அவருக்குச் சொல்ல மறந்துவிட்டேன். மாயவரத்தின் கடைசி பங்க்கையும் தாண்டிய பிறகு போன் அடித்தது. ஓரமாக நிறுத்தி எடுத்தேன்.

"வீடு பூட்டிக் கெடக்கே, எங்க இருக்க பாப்பா?"

"வந்துகிட்டே இருக்கேண்ணே. எல்லைக்கு இந்தப் பக்கம்."

"வெளக்கு எரியுதா?" என்றார். "கேன எடுத்துக்கிட்டு வரவா?"

கேன் என் டிக்கியில்தான் காலியாகக் கிடந்தது. ஏசியை அணைத்துவிட்டுக் கண்ணாடியை இறக்கினேன்.

"வேணாண்ணே" என்றேன். "இன்னும் போகும்."